டேப்பும் லென்ஸும் ஒத்துப்போகாத அன்றே நான் வாய் திறந்திருக்க வேண்டும்

முழுநீளப் படம் ஒன்றில் முதல்முறையாக ஃபோகஸ் புல்லராக, அதாவது ஷாட் ஓடும்போது லென்ஸைத் திருப்பி நடிகரைக் கூர்மையாக வைத்திருப்பவராக, வேலைக்குப் போனேன். மொத்தம் 31 நாள் படப்பிடிப்பு. அதில் 22 நாள் சம்பளம் நின்றுபோனது. மறுபடி எடுத்த 2 இரவுகளுக்குச் சம்பளமே இல்லாமல் நின்றேன். அதற்குப் பிறகு ஏறக்குறைய 5 மாதம் யாரும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. இவ்வளவுக்கும் காரணம், ஒரு தாளில் பாதிக் கனம்கூட இல்லாத ஓர் உலோக வளையம். அதை அங்கே வைத்தது நானில்லை. ஆனால் ஏதோ சரியில்லை என்பது முதல் நாளே என் கண்ணில் பட்டது. பட்டும் நான் பேசவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு கேமரா அசிஸ்டென்ட் என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர். உள்ளே அது இரண்டு மூன்று பேர் பிரித்துச் செய்ய வேண்டிய வேலை. முதல் அசிஸ்டென்ட் கேமராவைப் பொருத்துவார், லென்ஸ் மாற்றுவார், ஓடும் ஷாட்டில் ஃபோகஸை இழுப்பார். இரண்டாவது அசிஸ்டென்ட் கிளாப் அடிப்பார், நடிகர் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுவார், எந்த ஷாட் எந்த லென்ஸில் எடுத்தது என்று ரிப்போர்ட் எழுதுவார். படம் பதிவாகும் மெமரி கார்டுகளை நகல் எடுத்துப் பத்திரப்படுத்த இன்னொருவர். நான் 4 வருடம் இரண்டாவது அசிஸ்டென்ட்டாக இருந்தவன். இந்தப் படத்தில் முதல் அசிஸ்டென்ட் என்று கூப்பிட்டபோது வந்த சந்தோஷத்தில் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன்: எனக்குக் கீழே யார்? "இரண்டாவது வாரத்துல ஒருத்தர் வந்துடுவார்" என்றார்கள். கடைசி நாள் வரை யாரும் வரவில்லை. கிளாப்பும் நானே, ஃபோகஸும் நானே, ராத்திரி கார்டு நகலும் நானே. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் கேமரா பிரிவில் யார் யார் என்று பெயரோடு கேளுங்கள். பெயர் சொல்ல முடியவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். கூடுதல் வேலையைவிட இதில் பெரிய பிரச்சினை வேறு. "அந்த ஷாட்ல ஏதோ இடிக்குதே, உனக்கும் அப்படித் தெரிஞ்சுதா?" என்று கேட்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கமாட்டார்.

கேமராவை வாடகைக்கு எடுக்கும் இடத்தில் ஒரு முழு நாள் சோதனைக்கு ஒதுக்கியிருந்தார்கள். அது கடைசியில் 3 மணி நேரமாகச் சுருங்கியது. வேறொரு படப்பிடிப்புக்குப் போயிருந்த கேமரா மாலையில்தான் திரும்பி வந்தது. அங்கே அதை ஸ்டில் கேமரா லென்ஸ்களோடு பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்காக மாற்றியிருந்த மவுண்டை, அதாவது கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாயை, கழற்றிவிட்டு, எங்கள் சினிமா லென்ஸ்களுக்கான பி.எல். மவுண்டைத் திரும்பப் போட்டார்கள். நான் பெட்டிகளை எண்ணினேன், கேபிள்களைப் பார்த்தேன், பேட்டரிகளைப் போட்டுப் பார்த்தேன், சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பார்த்தேன். ஃபோகஸ் பார்க்கும் கோடுகள் அச்சடித்த சார்ட்டை 2 மீட்டரில் வைத்து 85 மி.மீ. லென்ஸைச் சோதித்தேன், கச்சிதமாக இருந்தது. 50 மி.மீ. லென்ஸில் மட்டும், சார்ட் கூர்மையாகும் இடமும் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தில் இருந்த 2 மீட்டர் கோடும் ஒரு மயிரிழை விலகி நின்றன. பழைய லென்ஸ், கோடு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். 18, 25 மி.மீ. லென்ஸ்கள் இரண்டையும் மாட்டியே பார்க்கவில்லை. கதவைப் பூட்ட ஆள் காத்திருந்தார். அதோடு, இப்படி எண் சிறியதாக இருக்கும் அகலமான லென்ஸில்தான் ஃபோகஸ் ஆழம் அதிகமாயிற்றே, அதில் என்ன தப்பு வந்துவிடும் என்றும் ஒரு நினைப்பு. "எல்லாம் சரி" என்று இருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன்.

நான் நினைத்தது நேர் தலைகீழ். லென்ஸ் உட்காரும் மவுண்ட் முகப்பிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் பி.எல். மவுண்டில் 52.00 மி.மீ. அந்த இரண்டு சைபர்களை அழகுக்காகப் போடவில்லை. மவுண்டுக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய வளையங்களை வைத்துத்தான் இந்தத் தூரத்தைச் சரிசெய்வார்கள். அங்கே ஒரு வளையம் கூடுதலாகப் போய், லென்ஸ் 0.05 மி.மீ. முன்னால் தள்ளி உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மி.மீ. லென்ஸை இன்ஃபினிட்டியில், அதாவது வெகுதூரத்துக்கான கடைசிக் கோட்டில், வைத்தால் அது உண்மையில் 200 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் ஆகும். அதனால் ஒரு பாதகமும் இல்லை. அதே தவறோடு 18 மி.மீ. லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்தால் அது ஃபோகஸ் ஆவது ஆறரை மீட்டரில். ஃபோகஸ் வளையத்தில் 5 மீட்டர் என்று வைத்தால் உண்மையில் 3 மீட்டருக்கும் உள்ளே வந்துவிடும். இந்தத் தூரம் பிசகுவதைத்தான் பேக் ஃபோகஸ் கோளாறு என்பார்கள். அது முதலில் கொல்வது அகலமான லென்ஸைத்தான். 85ஐ மட்டும் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவருக்கு அது கண்ணிலேயே படாது. இந்தக் கணக்கு எனக்கு அப்போது தெரியாது.

முதல் நாள், தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு பெரிய கூடம். 18 மி.மீ. லென்ஸ். அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, டி 2 என்ற அகலத் திறப்பில். நடிகர் நின்று பேசும் இடம் வரைக்கும் அளவு டேப் பிடித்தேன். கேமரா உடம்பின் பக்கவாட்டில் வட்டத்தைக் குறுக்கே வெட்டும் கோடு ஒன்று இருக்கும். அதுதான் சென்சார் இருக்கும் தளம், அளவு அங்கிருந்துதான் தொடங்கும். சரியாக 5 மீட்டர். வளையத்தை 5இல் வைத்தேன். என் 7 அங்குல மானிட்டரில் படம் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் கூர்மையான விளிம்புகளைச் சிவப்பாகக் காட்டும் பீக்கிங், நடிகர் முகத்தை விட்டுவிட்டு அவருக்கு இரண்டு மீட்டர் முன்னால் கிடந்த நாற்காலியின் கைப்பிடியில் மினுமினுத்தது. ஒத்திகையின்போது வளையத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். 6, 8, 10 என்று போய், 20 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் சிவப்பு நாற்காலியை விட்டு நடிகரின் சட்டைக் காலருக்குத் தாவியது. டேப் 5 என்கிறது, லென்ஸ் 20 என்கிறது. என் விரல் அந்த வளையத்தின் மேலேயே நின்றது.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது. சுற்றி 40 பேர். விளக்குகள் தயார், நடிகர் தயார். "ஃபோகஸ் ஓகேவா?" என்று ஒளிப்பதிவாளர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "ஓகே சார்" என்றேன். பீக்கிங் ஏமாற்றுகிறது, டேப் ஏமாற்றாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வளையத்தை மறுபடி 5க்கே கொண்டுவந்தேன். முதல் படம், முதல் நாள், முதல் ஷாட். கேமராவில் கோளாறு என்று நான் சொல்லி, போய்ப் பார்த்தால் தப்பு என்னுடையதாக இருந்துவிட்டால்? இந்தப் பயம்தான் முழுக்க முழுக்க. தொழில் தெரியாமல் நடந்ததல்ல இது. தெரிந்தது கண்ணெதிரே நின்றபோது பயம் ஜெயித்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் எப்படிப் பேசுவது என்று நான் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன். காரணம் தெரிய வேண்டியதில்லை, யார் மேலும் குறை சொல்ல வேண்டியதுமில்லை. கண்ணில் பட்ட இரண்டு எண்களை அப்படியே சொன்னால் போதும்: "சார், டேப் 5 காட்டுது, லென்ஸ் 20லதான் ஷார்ப் ஆகுது, 5 நிமிஷம் வேணும்." இதைக் கேட்டுக் கோபப்படுகிற ஒளிப்பதிவாளரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. "என்னமோ சரியில்ல சார்" என்று இழுத்தால்தான் எரிச்சல் வரும்.

அடுத்த நாட்களில் அந்தக் கோளாறு ஒளிந்துகொண்டது. பகல் காட்சிகளை டி 8இல் எடுத்தோம். அந்த அளவுக்கு அப்பர்ச்சரைச் சுருக்கினால் இந்தப் பிசகு வெளியே தெரியாது. நெருக்கமான ஷாட்கள் எல்லாம் 50, 85 லென்ஸ்களில். அவற்றில் மானிட்டரைப் பார்த்துக் கண்ணாலேயே இழுத்தேன், நன்றாகவே வந்தது. பாராட்டுகூடக் கிடைத்தது. முதல் நாள் பயம் வீண் என்றே நினைத்துவிட்டேன். 12ஆம் நாள் எடிட்டிங்கிலிருந்து போன் வந்தது. கூடத்தில் எடுத்ததும், இரவில் வெளியே எடுத்ததுமாக அகல ஷாட்கள் பலவற்றில் முகம் மழுங்கலாக இருக்கிறது, பெரிய திரையில் போட்டால் பளிச்சென்று தெரிகிறது என்றார்கள். அகல ஷாட்டில் முகம் சின்னதாக இருக்கும். 7 அங்குலத்தில் எல்லாமே கூர்மைதான். அகலமான லென்ஸ் மாட்டியிருக்கும்போது மானிட்டரில் முகத்தை ஒன்றுக்கு ஒன்றாகப் பெரிதாக்கிப் பார்க்காமல் ஓகே சொல்லாதீர்கள்.

அன்று மாலை யூனிட் முன்னால் வாங்கிய பேச்சை எழுதத் தோன்றவில்லை. கேமராவைச் சோதிக்க வேண்டும் என்று சொன்னேன். சாக்குச் சொல்கிறான் என்றார்கள். ராத்திரி படப்பிடிப்பு முடிந்தபிறகு, சாமான்கள் வைக்கும் அறையில் தனியாக உட்கார்ந்து ஜூம் லென்ஸை மாட்டினேன். முழுக்க உள்ளே ஜூம் செய்து சார்ட்டில் ஃபோகஸ் வைத்தேன். ஃபோகஸைத் தொடாமல் மெதுவாக வெளியே வந்தேன். பாதி தூரம் வருவதற்குள் சார்ட்டின் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பலாகிப்போயின. பேக் ஃபோகஸ் சரியாக இருந்தால் ஜூம் வெளியே வரும்போது கூர்மை அப்படியே நிற்கும். மூன்று தரம் செய்து பார்த்தேன், மூன்று தரமும் அதே கதை. அழுகை வந்தது. தப்பு முழுக்க என்னுடையதில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். இந்தச் சோதனைக்கு ஆனது 10 நிமிடம்தான், அதை 12 நாள் முன்னால் செய்யவில்லையே என்ற வேதனை இன்னொரு பக்கம்.

மறுநாள் காலையில் ஒளிப்பதிவாளரை அந்த அறைக்கே கூட்டிக்கொண்டு போய்ச் செய்து காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கேமராவைத் திருப்பி அனுப்பினார். அங்கே டெக்னீஷியன் மவுண்ட் தூரத்தைச் சோதிக்கும் காலிமேட்டர் கருவியில் வைத்துப் பார்த்து, மவுண்டைக் கழற்றி, ஒரு ஷிம்மை எடுத்துவிட்டார். சீக்கிரமே வேலை முடிந்தது. "இது ஏன் இங்க இருந்துச்சுன்னு தெரியல தம்பி" என்று அதை என் உள்ளங்கையில் வைத்தார். ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது. ஆனால் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு வந்ததும், அந்தத் தாள் வெளியே வந்தது. "எல்லாம் சரி", கீழே என் கையெழுத்து. அதற்குமேல் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

அதனால் இப்போது நான் சோதனை நாளில் வேறு எது விட்டுப்போனாலும் பரவாயில்லை, இதைச் செய்யாமல் வெளியே வருவதில்லை. பெட்டியில் இருப்பதிலேயே அகலமான லென்ஸை முதலில் மாட்டுகிறேன். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, டேப் பிடித்து 1 மீட்டரில் நட்சத்திரச் சார்ட். வளையம் 1 மீட்டரில் இருக்கும்போது நடுப்புள்ளி வரை கோடுகள் பிரிந்து தெரிய வேண்டும். அப்புறம் கதவைத் திறந்து, கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கட்டிடத்தின் விளிம்பை இன்ஃபினிட்டியில் பார்க்கிறேன். பிறகு ஜூம் சோதனை. ஒரே ஒரு லென்ஸில் மட்டும் கோடு விலகினால் கோளாறு அந்த லென்ஸில். எல்லா லென்ஸிலும் விலகி, அகலம் கூடக்கூட விலகலும் கூடினால் கோளாறு மவுண்டில். எனக்கு 50இல் தெரிந்த அந்த மயிரிழை இதன் முதல் அறிகுறிதான். ஒவ்வொன்றையும் மானிட்டரோடு போட்டோ எடுத்து, லென்ஸின் சீரியல் எண்ணையும் தேதியையும் எழுதி, ஒளிப்பதிவாளருக்கு அன்றே அனுப்பிவிடுகிறேன். நேரம் போதவில்லை என்றால், கையெழுத்துக்குப் பக்கத்தில் எதையெல்லாம் சோதிக்கவில்லை என்று என் கையால் எழுதுகிறேன். ஒருமுறை அப்படி எழுதப் போனபோது அங்கிருந்தவர் முகம் சுளித்தார். ஆனால் பூட்டுகிற நேரத்தை அரை மணி தள்ளிவைத்தார்.

மவுண்டைக் கழற்றி மாட்டினாலும், கேமரா கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் குலுங்கி வந்தாலும், கடும் வெயிலில் நின்றாலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். உலோகம்தானே, சூட்டில் விரியும்.

அந்த 12 நாளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரு வேலை ரிப்போர்ட். தூக்கம் கண்ணைச் சுற்றினாலும் ஒவ்வொரு டேக்குக்கும் லென்ஸ், டி ஸ்டாப், தூரம் மூன்றையும் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்குமோ என்று மற்றவர்கள் பதறியபோது, அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு 18, 25 லென்ஸில் டி 2.8க்குக் கீழே எடுத்த ஷாட்களை மட்டும் பிரித்துக் கொடுத்தேன். மொத்தம் 14. எடிட்டர் அவற்றை மட்டும் பார்த்து, 9ஐ மறுபடி எடுத்தால் போதும் என்றார். இல்லாவிட்டால் 2 இரவு 5 இரவாகியிருக்கும். யாருமே படிக்கமாட்டார்கள் என்று நினைத்து எழுதும் தாள் அது. தயவுசெய்து எழுதுங்கள்.

கார்டு விஷயத்தில் மயிரிழையில் தப்பித்தேன். மறு படப்பிடிப்பின் இரண்டாம் இரவு, தூக்கமே இல்லாத நிலையில், ஒரு கார்டைச் சொருகி ஃபார்மேட் மெனு வரை போய்விட்டேன். கவரில் சிவப்பு டேப் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அன்று மாலை எடுத்தது முழுவதும் அதில்தான் இருந்தது. கேமராவிலிருந்து வெளியே வரும் கார்டுக்கு அந்த நொடியே சிவப்பு டேப். இரண்டு தனித்தனி டிரைவில் நகலாகி, நகல் மூலத்தைப் போலவே இருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண் ஒத்துப்போனபிறகுதான் அது பச்சைக்கு மாறும். இழுத்துப் போட்டு நகல் எடுப்பதை நம்பாதீர்கள், சரிபார்க்கும் மென்பொருளால் எடுங்கள். யூனிட்டில் ஃபார்மேட் செய்யும் கை ஒன்றுதான் இருக்க வேண்டும், அந்தக் கை 6 மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும்.

இனி பணம். முதல் 9 நாள் சம்பளம் கையில் வந்திருந்தது. மீதி 22 நாளுக்கு, "நஷ்டக் கணக்கு முடியட்டும், பார்க்கலாம்" என்றார்கள். வேறு ஆள் இல்லாததால் கடைசி நாள் வரை என்னையேதான் வேலை வாங்கினார்கள். பேசி முடித்தது எல்லாம் போனில், வாய்வார்த்தையாக. காட்ட என்னிடம் ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. 4 மாதம் அலைந்து 8 நாள் சம்பளத்தை வாங்கினேன். மீதி 14 நாள் வரவே இல்லை. வீட்டில் இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. படம் முடியவில்லை, அதனால் பணம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் வேலை தேடுகிற மாதிரி வெளியே கிளம்பிப் போய், ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

இப்போது வேலையை ஒப்புக்கொள்ளும்போது ஒரு செய்தி அனுப்புகிறேன். பெரிய ஒப்பந்தமெல்லாம் இல்லை. நேற்று போனில் பேசியதை எழுதி வைக்கிறேன் என்று தொடங்கி, நாளுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், அதைத் தாண்டினால் எவ்வளவு, சோதனை நாளுக்குச் சம்பளம் உண்டா, சம்பளம் வாராவாரமா, சாமானுக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் யாருடையது என்று நாலைந்து வரி. "சரி" என்று ஒரு பதில் வந்தாலே போதும், பின்னால் காட்ட அது இருக்கும். சோதனை நாளுக்குச் சம்பளம் தரமாட்டோம் என்று சொன்ன இரண்டு இடங்களுக்கு நான் போகவில்லை. அந்த ஒரு நாளை மிச்சம் பிடிப்பவர்கள் வேறு எதையெல்லாம் மிச்சம் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

5 மாதம் கழித்து ஒரு சின்ன விளம்பரப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். முதல் ஷாட், 25 மி.மீ. டேப் பிடித்தேன், 3 மீட்டர். ரிமோட்டில் 3ஐ வைத்தால் பின்சுவர்தான் கூர்மையாக இருந்தது. கை சில்லிட்டுப்போனது. ஒளிப்பதிவாளர் பக்கத்தில் போய், "சார், டேப் 3 காட்டுது, 3ல வச்சா சுவர் ஷார்ப்பா இருக்கு, 5 நிமிஷம் வேணும்" என்றேன். "பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் விளக்குப் பக்கம் போனார். மவுண்டில் ஒன்றுமில்லை. வயர்லெஸ் ஃபோகஸ் ரிமோட்டில் முந்தைய லென்ஸின் அளவுகளே இருந்தன, மாற்றிப் பதிவு செய்யாமல் விட்டிருந்தேன். சரிசெய்து முடித்தபோது 4 நிமிடம் ஆகியிருந்தது. "ரெடி சார்" என்றேன். அவர் தலையசைத்தார், கிளாப் அடிக்க இரண்டாவது அசிஸ்டென்ட் கேமரா முன்னால் வந்து நின்றான்.